நிதானமாக வேலை செய்தால் கூலி குறையலாமா?



தீபாவளி நெருங்க நெருங்க, சிவகாசி வட்டாரத்து வீடுகளில் கூலியும் கூடும், பயமும் கூடும். மாலையில் பட்டாசு ஆலை வேன் தெருமுனைக்கு வந்து சேரும்வரை வீட்டில் இருப்பவர்களுக்கு இருப்புக் கொள்ளாது.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் ஏறக்குறைய 40 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகும் விபத்துச் செய்திகள் நின்றபாடில்லை. தொழிலாளியின் கவனக்குறைவுதான் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உயிர் போகும் என்று தெரிந்த இடத்தில் யாராவது வேண்டுமென்றே கவனம் இல்லாமல் இருப்பார்களா?

பல ஆலைகளில் மத்திய வெடிபொருள் துறை தரும் 'நாக்பூர் லைசென்ஸ்' ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளை உள்குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் வேறொருவர். சீசன் முடிவதற்குள் அவர் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். அதனால் நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் கூடுதலாக ஆட்கள் உட்காருவார்கள். இடம் போதாமல் மரத்தடியிலும் வேலை நடக்கும். கூலியோ பீஸ் ரேட். நிதானமாகச் செய்தால் எண்ணிக்கை குறையும், சனிக்கிழமை கைக்கு வரும் பணமும் குறையும்.

கலந்த வெடிமருந்தை மிச்சம் வைத்து மறுநாள் தொடக்கூடாது என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் "வீணாக்காதே, நாளைக்கு ஆகும்" என்று போர்மேன் சொல்லிவிட்டால்? மகளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய ஒரு அம்மா எதிர்த்துப் பேசுவாரா? பேசினால் நாளை அவருக்கு வேலை இருக்குமா?

தொழிலாளி பயமில்லாமல் பேச முடிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவின் அலுமினிய நிறுவனமான அல்கோவாவுக்கு 1987-ல் பால் ஓ'நீல் தலைவராக வந்தார். உருகிய உலோகத்தோடு மல்லுக்கட்டும் தொழில் அது. முதலீட்டாளர்களைச் சந்தித்த முதல் கூட்டத்திலேயே, லாபக் கணக்கை விட்டுவிட்டு, தொழிலாளர் பாதுகாப்புதான் தன் முதல் வேலை என்றார். பாதுகாப்புக் குறையை மேலதிகாரி கவனிக்காவிட்டால் கூப்பிடுங்கள் என்று தொழிலாளர்களிடம் தன் வீட்டு போன் நம்பரையே கொடுத்தார். கூப்பிட்டவர்கள் விபத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. வேலையை இன்னும் நன்றாகச் செய்ய, நெடுநாளாக மனதில் வைத்திருந்த யோசனைகளையும் கொட்டினார்கள். காயங்கள் வெகுவாகக் குறைந்தன. 2000-ல் அவர் விலகியபோது ஆண்டு லாபம் பல மடங்கு உயர்ந்திருந்தது.

"அது பெரிய கம்பெனி, நமக்குக் கட்டுப்படியாகுமா?" என்று ஆலை உரிமையாளர்கள் கேட்கலாம். பால் ஓ'நீல் செய்ததில் பெரும்பகுதிக்குப் பணமே தேவையில்லை. தொழிலாளி சொல்வதைக் கேட்கிற மனசுதான் வேண்டும். மருந்து அறையில் மட்டுமாவது பீஸ் ரேட்டை விட்டுவிட்டு நாள் கூலி கொடுங்களேன். அவசரம் தானாகக் குறையும். கை தேர்ந்தவர்களும் வேறு ஆலை தேடிப் போகமாட்டார்கள். அதனால் நாங்கள் வாங்கும் பட்டாசுப் பெட்டிக்குச் சில ரூபாய் கூடுமென்றால், கூடட்டும்.

உங்கள் வீட்டில் யாராவது பட்டாசு ஆலையிலோ, பாய்லர் பக்கத்திலோ, உயரத்தில் கட்டட வேலையிலோ இருக்கிறார்களா? "இது ஆபத்து, நிறுத்துங்கள்" என்று அவர்களால் தைரியமாகச் சொல்ல முடிகிறதா? சொன்னபோது என்ன நடந்தது? எங்களுக்கு எழுதுங்கள். நல்லபடியாக நடத்தும் முதலாளிகளைப் பற்றியும் அவசியம் எழுதுங்கள். உங்கள் பெயரையும் ஊரையும் வெளியிட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்