டிராகன் முதுகில் ஒரு சனிக்கிழமை

பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு! "எங்கேயாவது கூட்டிட்டுப் போங்களேன்" என்ற பல்லவியும் ஆரம்பமாகியிருக்குமே? பெரிய கேளிக்கைப் பூங்காக்களுக்குப் போனால் நுழைவுச் சீட்டுக்கே பர்ஸ் காலி. எங்கள் சிங்கப்பூரில் நுழைவுச் சீட்டே இல்லாத இடங்கள் உண்டு. அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே இருக்கும் பழைய விளையாட்டுத் திடல்கள்தான் அவை.

1979-ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தில் வேலை பார்த்த கோர் இயன் கீ என்ற வடிவமைப்பாளர், ஊஞ்சலும் சறுக்குமரமும் மட்டும் போதாதென்று, குழந்தைகளுக்காக ஒரு டிராகனையே படைத்தார். பெரிய தலை, அதிலே சறுக்குமரம், இரும்பு வளையங்களால் நீண்ட உடம்பு, கீழே மணல். பிற்பாடு மணலுக்குப் பதில் ரப்பர் தரையும், ஆயத்தமாக வரும் பிளாஸ்டிக் சாதனங்களும் வந்துவிட்டன. பழைய திடல்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஆனால் தோ பாயோ லோரோங் 6-ல் இருக்கும் டிராகன், மணலோடு அப்படியே நிற்கிறது.

என் வீட்டுக்காரர் தோ பாயோவில் பிறந்து வளர்ந்தவர். அவர் இருந்த கட்டடத்தை எப்போதோ இடித்துவிட்டார்கள். என் மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவைப் பற்றி அவர் வாயே திறப்பதில்லை; நானும் கிளறுவதில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, எங்கள் ஐந்து வயது மகளோடு ரயில் ஏறி, தோ பாயோ நிலையத்தில் இறங்கி நடந்தோம். 1987 நவம்பரில் சிங்கப்பூரின் முதல் எம்.ஆர்.டி. ரயில் ஓடியது இந்தத் தடத்தில்தான், ஈயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை.

டிராகன் தலையைப் பார்த்ததும் குழந்தை என் புடவைக்குள் ஒளிந்துகொண்டாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, தானே முதலில் ஏறினார்! "வாடா கண்ணு, அப்பா பிடிச்சுக்கிறேன்." இரண்டு தடவை சறுக்கிய பிறகு மணலில் உட்கார்ந்தபடி, தானாகவே சொன்னார்: "இருட்டினதும் பாட்டி மேலேயிருந்து கூப்பிடுவாங்க. காதிலே விழாத மாதிரியே இருப்பேன்."

"எந்த ஜன்னல்லேர்ந்துப்பா?"

வெறும் ஆகாயத்தைக் கை காட்டினார். குழந்தையும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டியை அவள் பார்த்ததே கிடையாது.

நீங்களும் கிளம்புவதாக இருந்தால் சில குறிப்புகள்:

* காலை 10 மணிக்குள் அல்லது மாலை 5 மணிக்கு மேல் போங்கள். வெயிலில் சறுக்குமரம் சுடும். உங்கள் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

* தண்ணீர், ஒரு மாற்று உடை, துண்டு, சோப்பு கட்டாயம். மணலில் விளையாடிய கையால் தின்பண்டத்தைத் தொட விடாதீர்கள்.

* 7 வயது ஆகாத பிள்ளைகளுக்குச் சலுகை அட்டை இருந்தால் ரயிலிலும் பஸ்ஸிலும் கட்டணமில்லை. கைக்குழந்தையின் தள்ளுவண்டியை மடக்காமலே பஸ்ஸில் ஏற்ற 2017 முதல் அனுமதி உண்டு.

* ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க ஓடாதீர்கள். அங் மோ கியோ அவென்யூ 3-ல் இன்னொரு டிராகன், தெம்பனிஸில் தர்பூசணித் துண்டும் மங்குஸ்தானும் காத்திருக்கின்றன. வாரம் ஒன்று போதும்.

எந்த ஊரானாலும், உங்கள் வீட்டுக்காரரோ நீங்களோ சின்ன வயதில் ஏறி விளையாடிய இடம் ஒன்று மிச்சமிருக்கும். அது இருக்கும்போதே பிள்ளைகளை ஒருநாள் அழைத்துப் போய்க் காட்டிவிடுங்கள், சகோதரிகளே!