பதக்கத்தைத் திருப்பிக் கொடு!

(இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு மாணவி)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். செல்போனின் தீமைகள் பற்றி எழுது, மரம் நடுவதைப் பற்றி எழுது என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அதையெல்லாம் எழுத நம் கல்லூரியில் ஆள் இருக்கிறது. நான் எழுதப்போவது வெறும் 2 நிமிடம் 3.16 விநாடியைப் பற்றி!

2006 டிசம்பர். கத்தார் நாட்டின் தோஹா நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டத்தில் அந்த நேரத்தில் ஓடி இரண்டாவதாக வந்தவர் நம் தமிழ்நாட்டுப் பெண், புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன். வெள்ளிப் பதக்கம்!

800 மீட்டர் என்றால் என்ன என்று ஓடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். 100 மீட்டர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு பாய முடியாது. மாரத்தான் மாதிரி மூச்சைச் சேமித்து வைக்கவும் முடியாது. மைதானத்தை இரண்டு சுற்று. முதல் சுற்றில் அவசரப்பட்டால் இரண்டாவது சுற்றில் கால் கல்லாகிவிடும். சாந்தியின் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு மீட்டருக்குச் சுமார் பதினைந்தரை விநாடி. அதை நிக்காம எட்டுத் தடவை! நம்ம வகுப்புப் பையன்களில் எத்தனை பேர் ஒரே ஒரு தடவை அப்படி ஓடுவான்? (கோபித்துக்கொள்ளாதீர்கள் தோழர்களே, தருவை மைதானத்தில் காலையில் பார்க்கத்தான் செய்கிறேன்.)

அவருடைய அப்பா, அம்மா இருவரும் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். பதிமூன்று வயதில் அவருக்கு ஓடச் சொல்லிக் கொடுத்தது தாத்தா. பள்ளிப் போட்டிகளில் ஜெயித்து, ஓட்டத்தாலேயே படிப்புச் செலவையும் சாப்பாட்டையும் சம்பாதித்து மேலே வந்தவர். 2005-ல் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியிலும் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். எங்கப்பா உப்பளத்தில் கூலி. எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் 'சூளை' என்ற சொல்லைப் படிக்கும்போதே எனக்கு அந்த வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடுகிறது.

தோஹாவில் ஓடி முடித்தபின் அவருக்குப் பாலினப் பரிசோதனை செய்தார்கள். சில நாட்களில் 'தேறவில்லை' என்று செய்தி. பதக்கம் பறிபோனது. ஊக்கமருந்து சாப்பிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. குறுக்கே ஓடினார், தள்ளிவிட்டார் என்றும் சொல்லவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான் குற்றம்! ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய மருத்துவ விவரத்தை உலகம் முழுக்க டி.வி.யிலும் பேப்பரிலும் போட்டார்கள். நம்ம வீட்டுப் பிள்ளைக்கு இப்படி நடந்திருந்தால் நாம் தெருவில் தலை காட்டியிருப்போமா?

அன்றைய முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி மட்டும், பதக்கம் போனாலும் பரவாயில்லை என்று 15 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தார். அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அவமானத்துக்குப் பணம் மருந்தாகுமா? 2007-ல் சாவின் விளிம்பு வரை போய் மீண்டார் சாந்தி. பிறகு புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார். 2012-ல் மறுபடியும் அதே செங்கல் சூளை, தினக்கூலி 200 ரூபாய்! பத்திரிகைகள் எழுதிய பிறகுதான் டெல்லிக்குக் கண் திறந்தது. பெங்களூரில் பயிற்சியாளர் டிப்ளமா படிக்க இடம் கிடைத்தது. பின்னர் தமிழக அரசு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் வேலையும் கிடைத்தது. அவரும் டிப்ளமா, நாமும் டிப்ளமா என்று எனக்குக் கொஞ்சம் பெருமை.

வேலை கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன வேணும் என்பீர்கள். வேலை வேறு, பதக்கம் வேறு!

இங்கே ஸ்வீடன் நாட்டு ஓட்டக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் குண்டர் ஹேக். காட்டில் மரம் வெட்டும் தொழிலாளியின் மகன். 1942-ல் மூன்றே மாதத்துக்குள் பத்து உலக சாதனைகள்! 5000 மீட்டரை 14 நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதர் அவர்தான். 1945-ல் ஒரு மைலை 4 நிமிடம் 1.4 விநாடியில் ஓடினார். ஓடுவதற்குப் பணம் வாங்கினார் என்று 1946-ல் வாழ்நாள் தடை போட்டுவிட்டார்கள். அந்தக் காலத்தில் காசு வாங்கி ஓடுவது குற்றம். இன்றைக்கு ஓட்டக்காரர்கள் விளம்பரத்திலும் பரிசிலும் கோடி கோடியாக வாங்குகிறார்கள், அது குற்றமில்லை. விதி மாறிவிட்டது. ஆனால் நான் கவனித்தது வேறு. தடை போட்டவர்கள்கூட ஹேக் ஓடிய ஓட்டத்தை அழிக்கவில்லை. அவருடைய மைல் சாதனை 1954-ல் இங்கிலாந்தின் ரோஜர் பேனிஸ்டர் முறியடிக்கும் வரை புத்தகத்தில் அப்படியே நின்றது. இனிமேல் ஓடாதே என்றார்கள், நீ ஓடவே இல்லை என்று சொல்லவில்லை. சாந்தியிடம் அதையும் சொல்லிவிட்டார்கள்.

கூட ஓடிய மற்ற பெண்களுக்கு நியாயம் வேண்டாமா என்று என் தோழி கேட்டாள். நல்ல கேள்விதான், ஒதுக்கிவிட முடியாது. சாந்திக்குப் பின்னால் வந்தவர்களும் கஷ்டப்பட்டுத்தான் ஓடினார்கள். ஆனால் விதி என்றால் ஓட்டத்துக்கு முன்னால் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். இன்ன ஹார்மோன் இந்த அளவுக்கு மேல் இருந்தால் பெண்கள் பிரிவில் ஓடக் கூடாது என்ற அளவு விதியை உலகத் தடகளச் சங்கம் கொண்டுவந்ததே 2011-ல். ஒடிசாவின் டுட்டி சந்த் வழக்குப் போட்டதால் 2015-ல் அதை நிறுத்தி வைத்தார்கள். 2018-ல் 400 மீட்டரிலிருந்து ஒரு மைல் வரை மட்டும் என்று திரும்பக் கொண்டுவந்தார்கள். 2023-ல் எல்லா ஓட்டத்துக்கும் என்றார்கள். 2025-ல் மரபணுச் சோதனை என்கிறார்கள். ஆடுபுலி ஆட்டத்தில்கூட நடுவில் இத்தனை தடவை கட்டம் மாத்த மாட்டாங்க! தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா தொடர்ந்த வழக்கில், அவருக்கு முறையான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமே 2025 ஜூலையில் சொல்லியிருக்கிறது. செமன்யாவுக்கு வழக்காட வக்கீல்கள் இருந்தார்கள். சூளைக்காரர் மகளுக்கு 2006-ல் யார் இருந்தார்?

எங்கள் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், வெள்ளைக்காரன் ஆட்சியில்கூட, குளியாள் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு அவனுக்கு. பங்கு பிரித்த பிறகு அவன் சிப்பிக்குள் என்ன இருந்தாலும் அது அவனுடையது. கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்துவிட்டது. அந்த நியாயமும் அதோடு முடிந்துவிட்டதா?

சரி, தோஹா எங்கேயோ இருக்கிறது. நம் கல்லூரிக்கு வருவோம். நம் விளையாட்டு விழாவில் மாணவியருக்கு 100 மீட்டர் உண்டு, 200 மீட்டர் உண்டு, வளையம் எறிதல் உண்டு, எலுமிச்சம்பழம் ஸ்பூன் ஓட்டமும் உண்டு! 800 மீட்டர் மட்டும் இல்லை. ஏன் என்று கேட்டேன். "பொம்பளப் பிள்ளைக மயங்கி விழுந்தா யார் பொறுப்பு?" என்று பதில் வந்தது. இதே பதிலை 1928-லேயே சொல்லிவிட்டார்கள்! ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்தார்கள். ஓடி முடித்த பெண்கள் களைத்துப் போனதைப் பெரிதுபடுத்திப் பேப்பரில் எழுத, அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். திரும்ப வந்தது 1960-ல் ரோமில். முப்பத்திரண்டு வருஷம்! ஆம்பளை மயங்கி விழுந்தா வீரம், பொம்பளை மூச்சு வாங்கினா பலவீனம். நல்லா ஓடிட்டாலோ, "ஏட்டி, நீ ஆம்பளை மாதிரில்லா ஓடுத" என்பார்கள். எங்க தெருவில் நான் கேட்காத நாள் இல்லை. அந்தப் பேச்சைத்தான் தோஹாவில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு பேசினார்கள் என்பது என் கருத்து.

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு இரண்டு கோரிக்கைகள். ஒன்று, சாந்தியின் 2006 வெள்ளிப் பதக்கத்தைத் திரும்பப் பெற்றுத்தர முயலுமாறு இந்திய ஒலிம்பிக் சங்கத்துக்குப் பேரவையின் பெயரில் ஒரு கடிதம் போக வேண்டும். ஒரு பாலிடெக்னிக் கடிதத்தை யார் படிப்பா என்று சிரிக்காதீர்கள், தபால் செலவு கொஞ்சம்தான். இரண்டு, அடுத்த விளையாட்டு விழாவில் மாணவியருக்கு 800 மீட்டர். மயங்கி விழுந்தால் பேரவையையோ கல்லூரியையோ குறை சொல்ல மாட்டோம் என்று எழுதிக் கொடுக்கவும் தயார்.

இதுவரை கையெழுத்துப் போட்ட மாணவியர் ஒன்பது பேர். எட்டுப் பேர் இருந்தால் ஓட்டம் வைக்கலாம், ஆனாலும் கூட்டம் சேரட்டும். தாள் என்னிடம்தான் இருக்கிறது. மதிய சாப்பாட்டு நேரத்தில் சர்வே லேப் வாசலில் இருப்பேன்.