தாழ்ச்சி யாருக்கு உபதேசிக்கப்படுகிறது?

பெரிய வியாழனன்று கத்தோலிக்க ஆலயங்களில் குருவானவர் பன்னிருவரின் கால்களைக் கழுவுகிறார். முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டு, வீட்டில் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்த கால்கள் அவை. அதைக் குறை சொல்வதற்கில்லை, சடங்கென்றால் அப்படித்தான். ஆனால் அச்சடங்கையே தாழ்ச்சி என்று நாம் நம்பத் தொடங்கிவிட்டோமோ என்பதே நம் ஐயம்.

கடவுள்முன் மண்டியிட யாருக்குக் கூச்சம்? அதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. பக்கத்து மனிதனோடு சமமாக அமரும்போதுதான் சோதனை தொடங்குகிறது.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தை எண்ணிப் பார்ப்போம். 1872இல் கட்டி முடிக்கப்பட்ட அக்கோயில் இரு கிளைகளாகப் பிரிந்து பீடத்தில் வந்து கூடும். ஊரார் அதைக் கால்சட்டைக் கோயில் என்றார்கள். ஒரு கிளை பிள்ளைமாருக்கும் முதலியார்களுக்கும். மற்றது நாடார்களுக்கும் பிறருக்கும். 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் இயேசு சபைக் குரு கௌசானல் தடுப்பை அகற்றினார். பிள்ளைமாரும் முதலியார்களும் தங்கள் தனியிட உரிமைக்காக வழக்காடி, சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றார்கள்.

இவர்கள் பக்தியற்றவர்கள் அல்லர் என்பதுதான் நம்மை உறுத்துகிறது. செபமாலை சொன்னவர்கள், தபசுகாலத்தில் ஒருசந்தி இருந்தவர்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் தற்பெருமையையும் ஒரு பாவமாக அறிக்கையிட்டிருக்கக் கூடும். தடுப்புச் சுவர் மட்டும் அந்தப் பட்டியலில் வந்திராது.

நம் மொழி இவ்விஷயத்தில் போதகர்களைவிடத் தெளிவாக இருக்கிறது. தாழ்தல் தன்வினை; தாழ்த்துதல் பிறவினை. தானே இறங்கி வருபவனிடத்தில் மட்டுமே தாழ்ச்சி புண்ணியம். தாழ்த்தப்பட்டவனைப் பார்த்துத் 'தாழ்ச்சியாய் இரு' என்று மறையுரை நிகழ்த்துவது, அவன் தலைமேல் மற்றவர் வைத்த கையை இன்னும் கொஞ்சம் அழுத்துவதாகும். பணிவு எல்லோர்க்கும் நன்று என்ற வள்ளுவரும் அது உடையவரிடத்தில்தான் தனி மதிப்புப் பெறும் என்று கண்டார்.

பழங்கதை என்று சிலர் சலித்துக்கொள்வர். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டது நன்று, நாம் அதைக் கேலி செய்யவில்லை. ஆனால் ஆயர்களின் அறிக்கை ஊர்த் திருவிழாவின் தேர்வடத்தைத் தொடுவதற்குள் எத்தனை தலைமுறைகள் கழிய வேண்டுமோ!

அதுவரை தாழ்ச்சியைப் பற்றிய மறையுரைகளை ஆலயத்தின் பின்வரிசையை நோக்கி நிகழ்த்தாதிருக்கும்படி குருக்களை வேண்டுகிறோம். மண்டகப்படி முறையில் தமக்கே முதலிடம் என்போர் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்கள்.