கடலோரத் தோட்டங்களில் பிளாக்ஸ் மலர்

முத்தியால்பேட்டையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் தோட்டம் வைத்திருப்போர், விதை வியாபாரிகளின் அட்டவணையில் பல்லாண்டுப் பிளாக்ஸின் பருத்த பூங்கொத்துக்களைக் கண்டு, அதன் தூர்களை வரவழைக்க ஆசைப்படுவது இயல்பே. ஆயினும் அவ்விதம் செலவிடும் பணம் பெரும்பாலும் வீணேயாகும். பொதுக் கட்டடங்களின் முன் பூந்தோட்டம் அமைக்கும் கிராம அதிகாரிகளும் இதனை முன்னதாகவே யோசித்தல் நலம்.

இச்செடியின் தாயகம் வட அமெரிக்காவின் கிழக்குப் பாகம். பனிக்காலத்தில் தண்டு பட்டுப்போய், தூர் மண்ணுக்குள் உறங்கி, வசந்தத்தில் மீண்டும் துளிர்ப்பது அதன் சுபாவம். குளிர் தேசத்தார் 3, 4 ஆண்டுகளுக்கு ஒரு முறை தூரைப் பிளந்து நடுகின்றனர். ஒரு தூருக்கு நான்கைந்து தண்டுகளையே விட்டு, இலை நனையாமல் அடியில் நீர் ஊற்றுகின்றனர். செடிகள் நெருங்கிக் காற்றோட்டம் குறைந்தால் சாம்பல் நோய் இலைகளைக் கெடுத்துவிடும். இவ்வளவு பக்குவத்தையும் இங்கே செய்துவிடலாம். குளிரை எங்கிருந்து கொணர்வது? புதுச்சேரியில் தை மாதத்து இரவிலுங்கூட வெப்பம் சுமார் 20 டிகிரி சென்டிகிரேடுக்கு வெகுவாகக் கீழே இறங்குவதில்லை. உறக்கம் பெறாத தூர் கத்திரி வெயிலில் நலிந்து, ஐப்பசி மழையில் அழுகும். நீலகிரியில் பயிரிட முயல்வோருக்கு இந்த ஆட்சேபம் பொருந்தாது.

பிளாக்ஸ்தான் வேண்டுமென்போருக்கு ஒருபருவப் பிளாக்ஸ் உண்டு. டெக்ஸாஸிலிருந்து அதன் விதையைச் சீமைக்கு அனுப்பிய தாமஸ் டிரம்மண்டு என்பவரின் பெயரை அது தாங்கி நிற்கிறது. ஐப்பசிக் கடைசியில் தாழ்வாரத்துத் தொட்டிகளில் விதைத்து, விதை வெளிச்சம் படாதவாறு கால் அங்குலம் மண்ணால் மூடவேண்டும். பெருமழை ஓய்ந்தபின் மார்கழியில், மக்கிய சாணி எருவும் ஏரி வண்டலும் கலந்த மேட்டுப்பாத்தியில் 9 அங்குல இடைவெளியில் நடலாம். கடலோர மணலில் எரு சேராவிடில் ஈரம் நிற்பதில்லை. உவர் ஏறிய கிணற்று நீரும் உதவாது. வாடிய பூக்களைக் கிள்ளிவந்தால் பங்குனி வரை பூக்கும். காய் முற்றினால் வெடித்து விதை சிதறிவிடுமாதலால், பழுக்கத் தொடங்கும்போதே பறித்துத் துணியின் கீழ் உலர்த்துக.

ஆனால் ஆண்டு முழுவதும் நிற்கும் பாத்தியைக் கனகாம்பரத்துக்கே விடவேண்டும். பூக்கட்டும் பெண்கள் பிளாக்ஸைக் கேட்டு வருவதில்லை. டெல்லிக் கனகாம்பரம் விதை பிடிப்பதில்லையாதலால், அதனை வேர்விட்ட தண்டுத் துண்டுகளைக் கொண்டே விருத்தி செய்யவேண்டும்; வரிசைக்கு வரிசை 2 அடியும், செடிக்குச் செடி 16 அங்குலமும் போதுமானது. வேரைத் தாக்கும் நூற்புழுவே இதற்குப் பெரும் சத்துரு. அதனைத் தொடர்ந்து வாடல் நோயும் வரும். ஆகையால் கத்திரி, தக்காளி நின்ற பாத்தியை விலக்கி, முதலில் ஒரு போகம் செண்டுமல்லி பயிரிட்ட நிலத்தில், வேரில் முடிச்சில்லாத நாற்றாகப் பார்த்து நடுக.