வரம்பு இருந்தும் அழிந்த மீன்

பிடிப்புக்கு வரம்பு வைத்தால் மீன் பிழைக்கும் என்று நம்புகிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் நான் குடியேறிய கனடாவின் அனுபவம் அந்த நம்பிக்கையை அசைத்துப் பார்க்கிறது. நியூஃபவுண்ட்லாந்தின் காட் மீன் அழிந்தது வரம்பு இல்லாததால் அல்ல. ஆண்டுதோறும் டன் கணக்கில் வரம்பு அறிவிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் அது அழிந்தது.

1968-ல் பல நாட்டுக் கப்பல்கள் சேர்ந்து அங்கே எட்டு லட்சம் டன் காட் பிடித்தன. 1977-ல் கனடா 200 கடல் மைல் எல்லையை அறிவித்து அந்நியக் கப்பல்களை வெளியேற்றியது. இனி நம் மீன், நம் கணக்கு என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். அந்நியர் விட்ட இடத்தைக் கனடிய நிறுவனங்களின் இழுவைக் கப்பல்கள் பிடித்துக்கொண்டன.

கோளாறு கணக்கில் இருந்தது. இழுவைக் கப்பல்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு பிடிக்கின்றன என்பதை வைத்தும் கடலில் உள்ள மீனை மதிப்பிட்டார்கள். காட் குறையக் குறைய எஞ்சியவை ஓரிடத்தில் கூடின. சோனார் அந்தக் கூட்டத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. ஆகவே கடல் காலியாகிக்கொண்டிருந்தபோதும் வலை நிறைந்தது. எண்ணும் அழகாகவே இருந்தது. மென்பொருள் துறையில் இருக்கும் எனக்கு இந்த வகைத் தவறு பழக்கமானது. அளக்க எளிதானதை அளந்துவிட்டு, அளக்கவேண்டியதை அளந்ததாக நினைத்துக்கொள்வோம்.

மீன் சிறுத்துவிட்டது, கரைக்கு வருவதில்லை என்று சிறு படகுக்காரர்கள் 1980களிலேயே சொன்னார்கள். அவர்களுடைய சங்கம் 1986-ல் தனியாக ஓர் ஆய்வே நடத்தச் செய்தது. பலனில்லை. 1989-ல் விஞ்ஞானிகள் தம் பிழையை உணர்ந்து 1,25,000 டன் போதும் என்றபோது, அரசு 2,35,000 டன்னுக்கு அனுமதித்தது. ஆலைகள் மூடப்படும், வேலை போகும் என்ற அச்சம். 1992 ஜூலை 2-ஆம் தேதி தடை வந்தபோது ஏறத்தாழ 30,000 பேரின் வேலை போயிற்று. கடல் நீர் குளிர்ந்ததும் ஒரு காரணம் என்பாருண்டு. இருக்கலாம், ஆனால் குளிர்ந்த கடல் ஒதுக்கீட்டில் கையெழுத்திடவில்லை.

2024 ஜூனில் தடை நீங்கியது. 18,000 டன் அனுமதி. 2025-ல் அதுவே 38,000 டன். மீன் திடீரென்று பெருகிவிடவில்லை. 1954 வரையிலான பழைய தரவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டதில் ஆபத்துக் கோடு கீழே இறங்கியது. மீன் தானாகவே அந்தக் கோட்டுக்கு மேலே வந்துவிட்டது. புதிய கணக்கு சரியானதாகவே இருக்கலாம். ஆனால் பெரிய இழுவைக் கப்பல்களுக்கு மீண்டும் பங்கு கிடைத்ததைக் கரையோர மீனவர் சங்கம் எதிர்த்ததில் எனக்கு வியப்பில்லை. அவர்கள் முன்பு ஒருமுறை சரியாகச் சொன்னவர்கள்.

வரம்பு தேவை என்றுதான் இப்போதும் சொல்வேன். அதோடு, எண்ணியது யார், யாருடைய வலையை வைத்து எண்ணினார்கள் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்பேன்.