பனி கருக்கிய செடியைப் பிடுங்கி எறியலாமா?



வழக்கமாக இந்தப் பக்கத்தில் என்ன நடலாம், எப்போது நடலாம் என்றுதான் எழுதி வருகிறேன். இம்முறை எதைப் பிடுங்காமல் இருக்க வேண்டும் என்பதைப் பற்றி எழுதப் போகிறேன். இதற்குக் காரணம் என் அடுத்த வீட்டு அக்காதான்.

நாங்கள் இருப்பது நுவரெலியாப் பக்கம். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலான உயரம். மார்கழி கடைசியிலிருந்து மாசி வரை இங்கே சில விடியற்காலைகளில் புல்தரை முழுவதும் உப்புத் தூவியது போல வெள்ளையாக இருக்கும். பூப்பனி, துகள்பனி என்றெல்லாம் சொல்வோம். வெளியூரிலிருந்து சுற்றுலா வருபவர்கள் அதைப் படம் பிடித்து மகிழ்வார்கள். மரக்கறித் தோட்டமும் பூந்தோட்டமும் வைத்திருப்பவர்களுக்கோ வயிறு கலங்கும்.

அப்படியொரு தை மாதக் காலையில், ஏழு மணியிருக்கும், வேலிக்கு அப்பாலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"தங்கச்சி, கொஞ்சம் வந்து பாரேன். எல்லாம் பொசுங்கிப் போச்சு."

அக்காவின் வீட்டுக்காரர் மரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டவர். ஐந்து வருடமாக வேலைக்குப் போக முடியாது. வீட்டின் பின்புறச் சரிவில் 42 ரோசாச் செடிகள்தான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போடுகின்றன. வெள்ளிக்கிழமைகளில் கோயில் வாசலிலும் மற்ற நாட்களில் நகரத்துப் பூக்கடைகளுக்கும் பூக் கொடுப்பார். மகள் உயர்தரம் படிக்கிறாள். வகுப்புக் காசும் அந்தப் பூவிலிருந்துதான் வருகிறது.

போய்ப் பார்த்தேன். இலைகள் சுடுதண்ணீர் ஊற்றியது போல வதங்கித் தொங்கின. இரண்டு நாளில் அவை கறுத்துச் சுருண்டன. அக்காவின் தம்பி வந்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் செத்துப் போச்சு. பிடுங்கிப் போட்டுட்டு லீக்ஸ் வைப்போம். நான் கடன் வாங்கித் தாறேன்" என்றாராம். அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"ஒரு மாசம் பொறுங்க அக்கா. ஒரு கொப்பைக்கூட வெட்ட வேணாம்" என்றேன்.

சொல்வது எளிது. ஒரு மாதம் பூ இல்லாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அப்படிச் சொல்ல எனக்கு இரண்டு காரணங்கள் இருந்தன.

முதலாவது, நான் பட்ட பாடு. என் அம்மா தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் வாசலில் வளர்த்த ஓர் இளஞ்சிவப்பு ரோசா உண்டு. நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தபோது அதிலிருந்து ஒரு கொப்பை வெட்டிக் கொண்டுவந்து நட்டார். அம்மா காலமாகி இரண்டாவது தை மாதம் அந்தச் செடியைப் பனி கருக்கியது. கறுத்த கொப்புகளைப் பார்க்கச் சகிக்காமல் மூன்றாம் நாளே கவ்வாத்துக் கத்தியை எடுத்து முழங்கால் உயரத்துக்கு வெட்டி, கையோடு யூரியாவும் போட்டேன். பகலில் நல்ல வெயில். இரண்டு கிழமைக்குள் சிவப்புத் தளிர் விட்டது. நான் அகமகிழ்ந்து போனேன். மாசியில் இன்னொரு பனி விழுந்தது. தளிர் முழுவதும் ஒரே இரவில் போயிற்று. செடி தன்னிடமிருந்த சேமிப்பையெல்லாம் அந்தத் தளிருக்குக் கொடுத்துவிட்டதால், மறுபடி எழும்பப் பலமில்லாமல் சித்திரைக்குள் பட்டுப்போனது. அந்தச் செடியைக் கொன்றதில் பனிக்குப் பாதிப் பங்குதான். மீதிப் பாதி என் அவசரம்.

இரண்டாவது காரணத்தைச் சொல்லச் சற்று வெட்கமாக இருக்கிறது. அம்மா உயிரோடு இருக்கையில் அந்த ரோசாவிலிருந்து ஒரு துண்டை அக்காவுக்குக் கொடுத்திருந்தார். அக்காவின் 42 செடிகளில் அதுவும் ஒன்று. அதைவிட்டால் அம்மாவின் ரோசா இப்போது வேறெங்கும் இல்லை. ஆகவே நான் சொன்ன புத்தியில் என் சுயநலமும் கலந்திருந்தது. அதை அக்காவிடம் அன்றே சொல்லியும் விட்டேன். "அது எனக்குத் தெரியாதா புள்ள" என்றார்.

இனி, பனி எப்படிச் செடியைக் கெடுக்கிறது என்று பார்ப்போம். மேகம் இல்லாத, காற்று அசையாத இரவில் நிலமும் இலைகளும் பகலில் வாங்கிய சூட்டை வானத்தை நோக்கி விட்டுவிடுகின்றன. இதனால் புல்லும் இலையும் சுற்றியுள்ள காற்றைவிடக் கூடுதலாகக் குளிர்ந்து விடும். ஆள் உயரத்தில் தொங்கும் வெப்பமானி 3 பாகை செல்சியஸ் காட்டும்போதே தரையில் பனி உறைந்திருப்பது இதனால்தான். குளிர்ந்த காற்று பாரமானது. தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மதிலோ அடர்ந்த வேலியோ குறுக்கே இருந்தால் அதன் மேற்பக்கத்தில் தேங்கி நிற்கும்.

இலைக்குள் இருக்கும் நீர் உறையும்போது, முதலில் கலங்களுக்கு இடையிலுள்ள இடைவெளிகளில் பனிக்கட்டி உண்டாகிறது. அது கலங்களுக்குள் இருக்கும் நீரையும் வெளியே இழுத்துவிடும். கலம் வற்றிச் சிதைகிறது. விடிந்ததும் வெயில் நேரடியாகப் பட்டு அந்த இலை சட்டென்று உருகினால் சேதம் இன்னும் கூடும். இதனால் காலை வெயில் முதலில் விழும் கிழக்குப் பக்கத்துச் செடிகளைச் சற்றுக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. நம் மலைநாட்டில் பனி மேலோடு போய்விடுகிறது. கனடா போன்ற நாடுகளில் மண்ணே ஆழத்துக்கு உறைந்து வேரையும் பாதிக்கும். அங்குள்ள நம் உறவினர்கள் ரோசாவின் அடியில் மண்ணையும் சருகையும் குவித்து மூடுவது அதனால்தான். இங்கே மண் அப்படி உறைவதில்லை. இலை செத்தாலும், நுனிக்கொப்பு செத்தாலும், வேரும் அடித்தண்டும் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். பிடுங்குவதற்கு முன் பொறுத்திருந்து பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

அக்காவும் நானும் செய்தவற்றை ஒழுங்காகச் சொல்கிறேன்.

முதலில், கறுத்த இலைகளையும் கொப்புகளையும் அப்படியே விட்டோம். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த பனி விழும்போது அந்தச் செத்த இலைகளே கீழேயுள்ள கொப்புகளுக்குப் போர்வையாகும். வெட்டினால் செடி தளிர் விடத் துடிக்கும். பனிக்காலம் முடியும் முன் தளிர் வரக் கூடாது. அதே காரணத்துக்காகப் பசளையும் போடவில்லை. தண்ணீரும் மட்டாகவே ஊற்றினோம். இலையில்லாத செடி அதிகம் குடிக்காது. மண் சொதசொதவென்று இருந்தால் வேர் அழுகிவிடும்.

அடுத்து, செடியின் அடியில் பரப்பியிருந்த வைக்கோலையும் சருகையும் ஓரமாக ஒதுக்கினோம். பத்திரக்கலவை நல்லதுதானே என்று கேட்பீர்கள். வறட்சிக் காலத்தில் நல்லது. பனிக்காலத்தில், ஈரமான வெறும் மண் பகலில் சூட்டை வாங்கி இரவில் செடிக்குக் கொடுக்கும். மேலே சருகு இருந்தால் அந்தச் சூடு வெளியே வராது.

வானம் தெளிந்து காற்று நின்ற பின்னேரங்களில், செடியைச் சுற்றி நான்கு குச்சி ஊன்றிச் சாக்கும் பழைய சேலையும் போட்டு மூடினோம். துணி தரையைத் தொட வேண்டும், இலையைத் தொடக் கூடாது. பொலித்தீன் தாள் இலையில் ஒட்டினால் அந்த இடம் கருகிவிடும். இருட்டும் முன்பே மூடினால்தான் மண்ணின் சூடு உள்ளே தங்கும். காலையில் வெயில் ஏறி உறைபனி கரைந்த பின் எடுத்துவிடுவோம். மூடாமல் விட்ட செடிகளில் உறைபனி படிந்திருந்தால், சூரியன் எழும் முன் தண்ணீர் தெளித்துக் கழுவிவிடுவோம். இது இங்குள்ள மரக்கறித் தோட்டக்காரர்களின் வழக்கம்.

அந்த இரண்டு மாத வருமானத்துக்கு என்ன செய்தார் அக்கா? ரோசா வரிசைகளுக்கு நடுவே வெறுமையாய்க் கிடந்த இடத்தில் முள்ளங்கி போட்டார். அது 40, 45 நாளில் காசாகிவிடும். மகளிர் சங்கத்தில் எடுத்த சிறுகடனின் தவணையை ஒரு மாதம் தள்ளித் தரும்படி கேட்டு, சங்கத்தினரும் சம்மதித்தார்கள். தம்பியின் கடன் தேவைப்படவில்லை. மகளும் வகுப்பை நிறுத்தவில்லை. ஆனால் அந்த வீட்டில் அந்த நாட்கள் எப்படிப் போயின என்பதை நான் கண்ணால் கண்டவள். பொறுமை என்பது இலவசமாகக் கிடைக்கும் பொருளல்ல.

பங்குனி நடுப்பகுதியில் பனி ஓய்ந்து முதல் மழை தொட்டதும் சோதனையைத் தொடங்கினோம். எல்லோரும் செய்யக்கூடிய சோதனை இது. கொப்பின் நுனியில் நகத்தாலோ சின்னக் கத்தியாலோ தோலை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் அந்த இடம் செத்துவிட்டது. இரண்டு அங்குலம் கீழே இறங்கி மறுபடி சுரண்டுங்கள். பச்சை தெரியும் வரை இறங்குங்கள். அதற்குக் கீழே, வெளிப்பக்கம் பார்த்த ஒரு மொட்டுக்குக் கால் அங்குலம் மேலாகச் சரிவாக வெட்டுங்கள். வெட்டிய முகத்தைப் பாருங்கள். ரோசாவின் நடுச்சோறு வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்பு நிறம் இருந்தால் இன்னும் கொஞ்சம் இறங்கி வெட்ட வேண்டும். கத்தி கூராகவும் சுத்தமாகவும் இருக்கட்டும். தளிர் அரை விரல் நீளம் வந்த பிறகு கூட்டெருவும் சிறிது அடுப்புச் சாம்பலும் போட்டு மண்ணைக் கொத்திவிடுங்கள்.

எல்லாப் பூஞ்செடிக்கும் ஒரே அளவு கவ்வாத்து சரிவராது. ஃபியூஷியா தரைமட்டம் வரை கருகினாலும் அடியிலிருந்து முளைக்கும். அதைத் தாராளமாக வெட்டலாம். ஹைட்ரேன்ஜியா அப்படியல்ல. வீடுகளில் நாம் வளர்க்கும் பெரிய இலை இனம் பழைய கொப்பின் நுனி மொட்டிலிருந்து பூப்பது. உயிருள்ள கொப்பை வெட்டினால் அந்த வருடப் பூவை நாமே வெட்டியதாகும். காய்ந்த பகுதியை மட்டும் எடுங்கள்.

ஒட்டுக்கன்று ரோசா வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஒட்டுக்கு மேலே செத்துவிட்டால், கீழேயுள்ள காட்டு ரோசா தளிர் விடும். கொழுகொழுவென்று வளரும், ஆனால் நீங்கள் வாங்கிய பூ அதில் வராது. ஒட்டுக்குக் கீழிருந்து வருவதை அடியோடு பிய்த்து எடுத்துவிட வேண்டும். துண்டு நட்டு வளர்த்த ரோசாவுக்கு இந்தப் பயம் இல்லை. மண்ணிலிருந்து எது முளைத்தாலும் அது அதே ரோசாதான்.

சித்திரை முடிவில் எண்ணிப் பார்த்தோம். 42 இல் 31 பிழைத்தன. போன 11 இல் எட்டு, சரிவின் அடியில் மதிலோரம் இருந்தவை. குளிர்காற்று தேங்கிய இடம் அது. அங்கே இனி ரோசா வேண்டாம் என்று முடிவு செய்து, மதிலின் அடியில் இரண்டு இடத்தில் கல்லைப் பெயர்த்துக் குளிர்காற்று வெளியேற வழி விட்டோம். மீதி மூன்றும் ஒட்டுக்கு மேலே செத்த ஒட்டுக்கன்றுகள்.

அம்மாவின் ரோசாவை நாங்கள் கடைசியாகத்தான் சுரண்டினோம். எனக்குக் கை நடுங்கியதால் அக்காதான் கத்தியைப் பிடித்தார். மேலிருந்து கீழே எல்லாம் பழுப்பு. தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில்தான் பச்சை தெரிந்தது. அந்த உயரத்துக்கு வெட்டிவிட்டு வந்தோம். மூன்று கிழமை ஒன்றுமில்லை. பிறகு ஒருநாள் மண்ணை ஒட்டி இரண்டு தளிர் எழும்பியிருந்தது. அம்மா நட்டது துண்டு என்பதால், எந்தச் சந்தேகமும் இல்லாமல் அது அம்மாவின் ரோசாவேதான்.

ஆனி மாதத்தில் அக்கா மறுபடி கூடையோடு கோயில் வாசலுக்குப் போனார். போகும் வழியில் என் வாசலில் நின்று இளஞ்சிவப்புப் பூ ஒன்றைத் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அடுத்த மழைக்கு அந்தச் செடியிலிருந்து மூன்று துண்டு வெட்டி மூன்று வீட்டில் நடுவதாக இருக்கிறோம். ஒரே இடத்தில் ஒரே செடியாக வைத்திருப்பது எவ்வளவு பெரிய தவறு என்பதையும் இந்தப் பனிதான் கற்றுத் தந்தது.

யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருக்கும் சகோதரிகள், எங்களுக்கு ஏது பனி என்று நினைக்கலாம். வறட்சியில் காய்ந்த செவ்வரத்தைக்கும், புயலில் இலை உதிர்ந்த மல்லிகைக்கும் இதே நகச் சோதனை பொருந்தும். பச்சை தெரிகிறதா என்று பார்த்த பிறகே மண்வெட்டியை எடுங்கள்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.