காற்றுக்கு வந்த வழக்கு

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயரில் உள்ள ஹாவர்த் என்ற சிற்றூரிலிருந்து மேட்டுநிலத்தில் ஒன்றரை மணி நேரம் நடந்தால் கூரை இழந்த கல் வீடு ஒன்று வரும். பெயர் டாப் விதென்ஸ். வழியில் உள்ள பலகைகள் ஜப்பானிய மொழியிலும் பேசுகின்றன. எமிலி பிரான்டே எழுதிய ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலின் வீடு இதுதான் என்று நம்பி உலகெங்கிலுமிருந்து வாசகர்கள் வருகிறார்கள். அவர்களை வரவேற்பது 1964ல் பிரான்டே சங்கம் சுவரில் பதித்த ஓர் அறிவிப்பு. நாவலில் வரும் வீட்டுக்கும் இந்தக் கட்டடத்துக்கும் ஒற்றுமை கிடையாது. இடம் வேண்டுமானால் எமிலியின் மனதில் இருந்திருக்கலாம் என்கிறது அது. சுற்றுலாத் தலங்களில் இந்த அளவு நேர்மை அபூர்வம்.

நாவலைப் பற்றியும் இப்படி ஓர் அறிவிப்பு தேவை. காதல் காவியம் என்று பெயரெடுத்த கதையில் காதலர்கள் உயிரோடு சேர்வதே இல்லை. லிவர்பூல் தெருவிலிருந்து தூக்கி வரப்பட்ட அநாதை ஹீத்கிளிஃப், அவமானப்பட்டு ஓடிப்போய், பணத்தோடு திரும்பி வருகிறான். தன்னை இழிவுபடுத்தியவனின் சொத்தை அடமானத்தின் மூலம் வளைத்துப் போடுகிறான். பாதிக் கதை காதல் என்றால் மீதிப் பாதி பத்திரமும் பழிவாங்கலும். கறுத்த நிறத்தவனான அவன், கப்பலில் வேலை செய்யும் இந்திய லஸ்கரின் பிள்ளையோ என்றுகூட ஒரு பாத்திரம் சந்தேகப்படுகிறது.

எமிலி வாழ்ந்த ஊரும் அழகிய கிராமம் அல்ல. 1850ல் அரசு ஆய்வாளர் பாபேஜ் தந்த அறிக்கையின்படி ஹாவர்த்தில் இறந்தவர்களின் சராசரி வயது 25தான். நூற்றுக்கு 41 குழந்தைகள் ஆறு வயதைத் தாண்டவில்லை. சாக்கடை வசதி இல்லை. கல்லறைத் தோட்டம் நிரம்பி வழிந்தது. ஆய்வு வேண்டும் என்று மனுப்போட்டவர்களில் முக்கியமானவர் எமிலியின் தந்தை, பாதிரியார் பேட்ரிக் பிரான்டே. ஆறு பிள்ளைகளையும் பறிகொடுத்த பிறகு, 1861ல் 84 வயதில் அவர் இறந்தார். எல்லிஸ் பெல் என்ற புனைபெயரில் 1847ல் நாவலை வெளியிட்ட எமிலி, அடுத்த ஆண்டே காசநோய்க்குப் பலியானார். வயது 30. ஊருக்குள் சாவு, மேட்டில் காற்று. எமிலி எந்தப் பக்கம் நடந்தார் என்பதில் ஆச்சரியமில்லை. ‘வுதரிங்’ என்பதே புயற்காற்றின் சீற்றத்தைக் குறிக்கும் அந்த வட்டாரத்துச் சொல்தான்.

கதை ஊர் ஊராகப் பயணம் போனது. 1939ல் ஹாலிவுட் கலிஃபோர்னியக் குன்றுகளையே யார்க்‌ஷயராக்கியது. அதில் நாயகி கேத்தரினாக நடித்த மெர்ல் ஓபரான் பம்பாயில் பிறந்தவர். அதை மறைத்து டாஸ்மேனியாவில் பிறந்ததாகச் சொல்லிக்கொண்டவர். லஸ்கரோ என்று சந்தேகிக்கப்பட்ட நாயகனாக நடித்ததோ வெள்ளைக்கார லாரன்ஸ் ஒலிவியர். 1966ல் திலீப் குமாரின் ‘தில் தியா தர்த் லியா’வாக இந்திக்கும் வந்து சேர்ந்தது.

மேட்டுநிலம் அப்படிப் பயணம் போக முடியாது. அதனால்தான் இன்று அதன் பெயரில் வழக்கு. டாப் விதென்ஸுக்குப் பக்கத்தில் உள்ள வால்ஷா மேட்டில் 65 ராட்சதக் காற்றாலைகள் நிறுவும் திட்டம் 2023ல் வெளியானது. எதிர்ப்பு கிளம்ப, பிறகு எண்ணிக்கை குறைக்கப்பட்டது. நாவலுக்குப் பெயர் தந்த காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பதில் என்ன தவறு என்கிறது ஒரு தரப்பு. நிலக்கரியைக் கைவிட வேண்டிய காலத்தில் நியாயமான கேள்வி. இலக்கியப் புனித பூமி என்கிறது மறுதரப்பு.

புனிதம் என்ற வாதம் பலவீனமானது. இந்த மேடு ஒன்றும் மனிதக் கை படாத நிலமல்ல. பணக்காரர்கள் பறவை வேட்டையாடுவதற்காகப் புதர்களை எரித்துப் பராமரித்த நிலம். வலுவான வாதம் காலுக்கடியில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாசி மக்கிச் சேர்ந்த ஈரமான ‘பீட்’ மண், காற்றில் கலந்திருக்க வேண்டிய கரியைப் பூட்டி வைத்திருக்கிறது. சாலை போடவும் அஸ்திவாரம் தோண்டவும் அதை வெட்டினால் ஈரம் வடியும், கரி வெளியேறும். கரியைக் குறைக்க வந்த திட்டமே அதை அவிழ்த்துவிடக் கூடாது.

அந்த மண்ணின் குணம் பிரான்டே குடும்பத்துக்குத் தெரியும். 1824 செப்டம்பரில் பெருமழையில் ஹாவர்த்துக்கு மேலே சதுப்பு வெடித்துச் சேறு பள்ளத்தாக்கில் பாய்ந்தது. ஆறு வயது எமிலி அப்போது அண்ணன் தங்கையோடு மேட்டில்தான் நடந்துகொண்டிருந்தார். தந்தை அதைப் பற்றிப் பிரசங்கமே செய்தார்.

காற்றாலைக்கு இடம் வேறு எங்காவது கிடைக்கலாம். இந்தச் சேறு உருவாக இன்னும் பல ஆயிரம் ஆண்டுகள் பிடிக்கும். தீர்ப்பு சொல்பவர்கள் நாவலைப் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. மண்ணைத் தோண்டிப் பார்த்தாலே போதும்.